சேற்றோடு அளந்த டிராக்

எங்களிடம் மண் தோண்டும் குட்டி எந்திரம் ஒன்று, அதில் இருக்கை ஒன்று, உட்கார ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர். மூன்று வருடமாக நான் ஓட்டினேன். என் மனைவி கழுவினாள், கிரீஸ் போட்டாள், சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் ரப்பர் பட்டை, அந்த டிராக்கில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று தேடினாள். கூடவே ஓட்டவும் பழகிக்கொண்டாள். இன்று காலை சூப்பர்வைசர் அவளை ஓட்டவிட்டுப் பார்ப்பதாக இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் இந்த சைட்டில் இனி அவள்தான். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ போய்ப் படு, டிராக்கை நான் பாத்துக்கறேன்" என்று நேற்று மாலை பெருந்தன்மையாகச் சொல்லித் தொலைத்தேன். டிராக் சுற்றி ஓடும் உருளைகளுக்கு நடுவே சேறு அப்பிக் கிடந்தது. கழுவச் சோம்பல். எந்திரத்தைத் தூக்கி நிறுத்தி, டிராக்கின் தொய்வை விரல் வைத்து அளந்தால் ஒரே இறுக்கம். டிராக்கை விறைப்பாக வைப்பது உள்ளே அடைத்த கிரீஸ்; அதைக் கொஞ்சம் வெளியே விட்டுத் தளர்த்தினேன். அளவு கனகச்சிதம்.

காலையில் கேட்டாள். "அளவு பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. தொணதொணன்னு கேக்காத."

என்னை நம்பினாள். சேற்றை மட்டும் விட்டுவைக்க மனம் வரவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒரு கட்டி விடாமல் கழுவினாள். டிராக்கை இறுக்கிப் பிடித்திருந்ததே அந்தச் சேறுதான் என்பது அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சுவரோரமாக அவள் பள்ளம் தோண்டிய அழகைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது. முடித்துவிட்டு எந்திரத்தைத் திருப்பினாள். 'டக்'கென்று இடது டிராக் கழன்றது. வார் அறுந்த செருப்போடு நிற்பவனைப்போல எந்திரம் நின்றது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் சூப்பர்வைசர். "இதெல்லாம் அவங்களுக்குச் சரிப்படாது. நீயே ஓட்டுப்பா."

நான் வாயை மூடிக்கொண்டால் போதும், இருக்கை எனக்கே. அவள் இறங்கி, தொங்கிய டிராக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பைத் தன்னிடமே தேடுகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

"சார், தப்பு என்னோடது. சேத்தோட அளந்து தளர்த்திட்டேன். அவ கழுவினதும் தொளதொளன்னு ஆயிடுச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப கழுவத் தெரிஞ்சவங்களே ஓட்டட்டும். நீ கடப்பாரைய எடு."

டிராக்கை மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. கிரீஸ் அடித்து இறுக்கி, விரல் வைத்துப் பார்த்தேன்.

"சரியா இருக்கு, ஏறு."

அவள் ஏறவில்லை. குனிந்து, தன் விரல்களை வைத்து அளந்தாள். அதற்குப் பிறகுதான் ஏறினாள். நான் சொன்ன பிறகும் அவள் அளந்து பார்த்தது இதுதான் முதல் முறை.