மயில்கழுத்து ஸ்வெட்டரின் வலது கை

முடி பொசுங்குகிற நாற்றம் வந்தபோது நான் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன். கரி நெருப்பின்மேல் கவிழ்த்து வைத்த மூங்கில் கூடையில் ஸ்வெட்டரைக் காயப் போட்டிருந்தேன். அதன் வலது கை சரிந்து நெருப்போரம் தொங்கி, மணிக்கட்டுப் பட்டைக்கு மேலிருந்து முழங்கை வரை ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது.

மார்கழி மாதத்து ஏற்காட்டில் துணி தானாகக் காயாது. எல்லா வீட்டிலும் கரியும் கூடையும்தான். வேறு துணியாக இருந்தால் நாலு வார்த்தை என்னையே திட்டிக்கொண்டு கரித்துணியாக்கியிருப்பேன். இது தனலட்சுமி பின்னிய ஸ்வெட்டர்.

தனலட்சுமி என் வீட்டுக்காரரின் முதல் மனைவி. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டாள். அவர் பஸ் டிரைவர். குளிர்காலம் முழுக்கக் காக்கிச் சட்டைக்கு மேல் அந்த மயில்கழுத்து நிற ஸ்வெட்டர்தான். கல்யாணமான மறுநாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அதை மட்டும் நீ தொட வேண்டாம் ராசாத்தி. நானே அலசிக்கறேன்." சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அதன் வலது கையில் மணிக்கட்டோரம் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். உயிரோடிருப்பவள் என்றால் குழாயடியில் வைத்து ஒரு கை பார்த்திருப்பேன். செத்தவளை என்ன செய்வது? என் பங்குக்கு மூன்று ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். மூன்றும் பெட்டியில் தூங்குகின்றன.

கீழே வெயில் என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டுச் சபரிமலை ஸ்பெஷல் ஓட்டப் போனவர் சனிக்கிழமை மதியம் திரும்புவார். அதற்குள் அலசி மடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று தொட்டேன். தொட்டது புதன்கிழமை.

தெரியாமல் நடந்தது என்று யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே கருக்கினாள் என்பார்கள். அவரும் அதைத்தான் நினைப்பார். கத்தமாட்டார், அடிக்கமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூடையைத் தூக்கிய நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். அதை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

யாருக்கும் தெரியாமல் அந்தக் கையைப் புதிதாகப் பின்னிவிடுவது என்று முடிவு செய்தேன். பின்னல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கான்வென்ட் சிஸ்டர்களிடம் கற்றது. சீசனுக்கு வருகிறவர்கள் என் குழந்தைக் குல்லாய்களைத் தேடி வாங்குவார்கள். கருகிய கையை மடியில் போட்டு ஒவ்வொரு வரியாக எண்ணிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். எண்ண எண்ண ஆச்சரியம். இடது கை ஐம்பது கண்ணியில் ஆரம்பித்து அச்சு மாதிரி ஏறியிருந்தது. வலது கையில் நாற்பத்தெட்டுதான். அதிலும் பதினான்காம் வரியில் ஒரு கண்ணி புரண்டிருந்தது. மேலே இன்னும் ஆறு தப்பு. இதுதானா பெரிய தனலட்சுமியின் கைவேலை? அந்தக் கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தப்புகளையும் அப்படியே பின்னிவிடலாம். நிறம்தான் கிடைக்க வேண்டும். மயில்கழுத்து நிறத்தில் உல்லன் நூலுக்குச் சாயம் போடுகிறவர் மலையடிவாரத்துக் குப்பனூர் கண்ணம்மாள் ஒருவர்தான்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் குழந்தைவேல் என் வீட்டுக்காரரின் நெருங்கிய சிநேகிதர்.

"ஏனுங்க அண்ணி, இந்நேரத்துக்கு எங்கீங்க?"

"குப்பனூருக்குத்தானுங்க. தெரிஞ்சவங்க ஊட்டுக்கு."

டிக்கெட்டைக் கிழித்தவர் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ பொசுங்குன வாசம் வருதுங்களே?"

நான் பையை இறுக்கிக்கொண்டேன். "கருவாடு சுட்டு எடுத்துக்கிட்டுப் போறேனுங்க."

"மார்கழி மாசத்துலயா! அண்ணன் சபரிமலைக்குப் போயிருக்கறப்பவா!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போனார். ஒவ்வொரு வளைவிலும் அவர் திரும்பிப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை என் வீட்டுக்காரர் டிப்போவில் இறங்கியதும் முதல் பேச்சே என் கருவாடாகத்தான் இருக்கும்.

குப்பனூரில் சுள்ளென்று வெயில். கண்ணம்மாளின் கொட்டகைக்கு முன்னால் சாயக் கொப்பரை ஆறிக்கிடந்தது. நான் யாரென்று சொல்லி ஸ்வெட்டரை விரித்துக் காட்டியதும் அவர் அதை நிழலிலிருந்து வெயிலுக்கு எடுத்துப் போனார். நானும் பார்த்தேன். உடம்பும் இடது கையும் ஒரு நிறம். வலது கை வேறு நிறம். பச்சை கொஞ்சம் தூக்கலாக. எங்கள் ஊர் மூட்டத்தில் இரண்டு வருடமாக என் கண்ணுக்குப் படாத வித்தியாசம், இங்கே பளிச்சென்று தெரிந்தது.

"ரெண்டு கொப்பரை நூலு கண்ணு இது" என்றார் கண்ணம்மாள்.

கொட்டகை விட்டத்தில் ஒரு நீளக் கயிறு. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் அதிலிருந்து ஓர் இழையை அந்தக் கயிற்றில் முடிந்து வைப்பார். தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். "இது தனலட்சுமி வாங்குனது. ஒரு கைக்கு நூலு பத்தாமப் போச்சு. மறுபடி வாங்க வர்றதுக்குள்ள அவ படுக்கையில உழுந்துட்டா." நாலைந்து முடிச்சு தள்ளி இன்னொரு இழையைத் தொட்டார். "இது உன்ற ஊட்டுக்காரரு வாங்குனது. உன்னாட்டமே ஸ்வெட்டரும் கையுமா வந்து நின்னாரு. படுத்துக் கெடக்கறவ எப்படிங்க பின்னுவான்னு கேட்டேன். அவ சொல்லச் சொல்ல நானே பின்னறேன்னாரு. டிப்போவுல தெரிஞ்சா சிரிப்பாங்க, ஆருகிட்டயும் சொல்லிராதீங்கன்னு நொம்பக் கேட்டுக்கிட்டாரு."

நாற்பத்தெட்டு கண்ணி, பதினான்காம் வரி, நான் சிரித்த ஏழு தப்பு, எல்லாம் அவர் கை. ஸ்டியரிங் பிடிக்கிற அந்தத் தடித்த விரல்களால், சாகக் கிடந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியது. அவள் பின்னியதைக் கருக்கியிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். நான் கருக்கியது இதை.

"சொல்லு கண்ணு. எதுக்கு ஒத்துப் போவோணும்? உடம்புக்கா, கைக்கா?"

"கைக்குங்க" என்றேன்.

அடுப்பு மூட்டி, சாயம் கரைத்து, அவர் வெள்ளை நூலின் ஒரு நுனியை முக்கி முக்கிப் பார்த்தார். முதலில் நீலம் ஏறியது. பிறகு பச்சை ஏறியது. மூன்றாவது தடவைதான் தலையை ஆட்டினார். இரண்டு சிட்டம் நூல் கொடியில் காய்வதற்குள் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிட்டது. ஈரம் முழுக்கப் போகாத நூலை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கவில்லை. காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்துப் பின்னினேன். தப்பு வரும் இடங்களில் என் விரல் மறுத்தது. பழக்கத்தில் சரியாகவே எடுத்துவிடும். பிரித்துத் திரும்பத் தப்பாக்குவேன். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கையை உடம்போடு சேர்த்துத் தைத்து முடித்தேன். கருகிய கையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகினேன்.

அவர் வந்தார். "குழந்தைவேலு கருவாடு கேட்டான்" என்று சிரித்தார். குளித்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டைவிரல் வலது மணிக்கட்டுக்குப் போனது. பதினான்காம் வரி. புரண்டிருந்த கண்ணியைக் கண்டுபிடித்துத் தடவ ஆரம்பித்தது.

அவருக்குத் தெரியவில்லை. நான் தப்பித்துவிட்டேன். இனி எத்தனையோ வருடம் அவர் இப்படித் தடவிக்கொண்டிருப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அது நான் பின்னுன தப்புங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன், கூடை, குப்பனூர், கயிறு. "தெரியாமத்தானுங்க கருகுச்சு. ஆனா கருகுனப்ப ஒரு நொடி எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அது அவ பின்னுனதுன்னு நெனச்சேன்."

நான் பயந்த அதே மௌனம். வெளியே ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயும் விட்டது.

"பழைய கை எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். கருகாத பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ எத்தனை கண்ணி போட்ட?"

"இதுல இருந்தாப்பலயே. நாப்பத்தெட்டுங்க."

"அவ அம்பது போடச் சொன்னா. ரெண்டை எங்கயோ உட்டுட்டேன். முடிச்சுக் கையில குடுத்தேன். வெரலை வெச்சு எண்ணிப் பாத்தா. சரியா அம்பது இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சா." அவர் பழைய கையைத் திருப்பிப் பிடித்தார். "போட்ட அன்னிக்கே மணிக்கட்டுல இறுக்கிப் புடிச்சுது. அவகிட்டச் சொல்லல. ஆருகிட்டயும் சொல்லல."

பழைய கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"பிரிச்சுரு ராசாத்தி. அம்பதாவே போடு. அஞ்சு வருசமாப் புடிக்குது."