புல் முளைக்காத இடம்

செம்புக் கம்பியைக் கேட்டால் அதுவே சொல்லிவிடும். என்னை ஏன் கேட்கிறான்?

அண்ணன் மேசைமேல் தள்ளிய தாளை அவள் தொடவில்லை. போட்டோ ஸ்டூடியோவின் பின்பக்கத்தைக் குழந்தைகள் காப்பகத்துக்கு வாடகைக்கு விடப்போகிறான். இந்த மண்ணில் ரசாயனம் எதுவும் கொட்டப்படவில்லை என்று இருட்டறைப் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொறுப்பாளர் அவள்தான்.

"ஒரு கையெழுத்துதானே? என்னமோ சொத்தையே கேட்ட மாதிரி முழிக்கிற!"

"இருட்டறைக் குழாய் எங்க போய் முடியுதுன்னு உனக்குத் தெரியாதாண்ணா?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப டிஜிட்டல். சொட்டுத் தண்ணி செலவு உண்டா? இதைவிடச் சுத்தமான தொழில் எதும்மா?"

அவள் பார்வை அவன் நாற்காலிக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போனது. உப்பிப்போன கேமரா பேட்டரிகள், உயிரை விட்ட ஹார்ட் டிஸ்க்குகள். குப்பை வண்டிக்காரர் இரண்டு முறை திருப்பித் தந்தவை.

"அதையும் பின்னாடியே புதைச்சிரலாம்னு நேத்து சொன்னியே."

அண்ணன் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினான்.

படம் கழுவும் ஃபிக்ஸர் திரவத்தின் வீரியம் தீர்ந்ததா என்று பார்க்க, அவள் அதில் செம்புக் கம்பியை முக்குவாள். கம்பி வெளுத்து வந்தால் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் அதைக் கேனில் சேர்த்து வைத்தார்கள். வெள்ளி பிரிப்பவர் வந்து எடுத்துப் போவார். அவர் வருவது நின்றதும் அண்ணன், "ஊத்திவிடு" என்றான். இருட்டறைக் குழாயில் ஊற்றினாள். கல்யாண சீசனில் நாளுக்கு இரண்டு வாளி. ஒவ்வொரு முறையும் கம்பியைத் துடைத்து ஆணியில் மாட்டிய பிறகுதான். தெரியாமல் செய்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளக்கூட அந்தக் கம்பி விட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே, குழாய் முடியும் இடத்தில், கட்டில் அகலத்துக்கு மொட்டை மண். காப்பகம் நடத்தும் அம்மா நேற்று அதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். "புல்லே இல்ல, நல்லதாப் போச்சு. இங்கயே மணல் கொட்டிட்டா பசங்க உக்காந்து விளையாடுவாங்க."

"இந்த வாடகை வரலன்னா கடைய மூடணும்" என்றான் அண்ணன். இப்போது குரலில் கேலி இல்லை. "நீயும் நானும் நடுத்தெருவுலதான். போடும்மா."

அவன் திறந்து வைத்திருந்த பேனாவை அவள் எடுத்தாள். அவன் முகம் மலர்ந்தது. மூடியைத் திருகி மூடி, பேனாவை அவன் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"மூடுனா மூடிக்கலாம்ணா. நான் போட மாட்டேன்."