மஞ்சள் இறங்கிய விரிசல்

அறையில் இருந்தவர்கள்: துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் வெள்ளைச்சாமி, அவர் மனைவி அழகி, தச்சன் சவரியப்பனாகிய நான். லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி வாசல் தாண்டக் கூடாது என்று என்னை உள்ளறைக்கே வரவழைத்திருந்தார். மறுநாள் காலை அதிகாரி ஒருவர் ஊர்த் துப்பாக்கிகளைப் பார்வையிட வருகிறார். அதற்குள் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்த விரிசல் மறைய வேண்டும்.

"மயிரிழைதான். வண்டியிலேர்ந்து விழுந்துருச்சு" என்றார்.

நான்கு நாளைக்கு முன் அதே வண்டியில்தான் என் மச்சான் பிச்சைமுத்துவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மண்டை பிளந்திருந்தது. இன்னும் பேச்சில்லை. கண்மாய்க்கரைப் புளியமரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று சொன்னவரும் வெள்ளைச்சாமிதான். அதற்கு முந்தின நாள் மடைத் தண்ணீருக்காக இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓடினாரே என்று எங்கள் ஊர் கொடும்பாளூரே மெச்சியது. என் மனைவி அவர் காலில் விழுந்தாள். அந்த நன்றிக்காகத்தான் நானும் வந்திருந்தேன்.

கட்டையைச் சன்னல் பக்கம் திருப்பினேன். சுட்டுச் சுட்டு வருகிற விரிசல் குழலுக்குப் பின்னால் மரத்தின் ரேகையோடு நேராக ஓடும். கீழே விழுந்தால் அடிமுனையில் சில்லு பெயரும். இது கழுத்துப் பக்கம் ரேகையைக் குறுக்கே அறுத்துப் போயிருந்தது. குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் எதையாவது ஓங்கி அடித்தால்தான் அப்படிப் போகும்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"எங்கிட்டுத் தொடங்கியிருக்குன்னு பாக்குறேங்க."

"அது தெரிஞ்சாத்தான் பசை ஒட்டுமாக்கும்?"

மெல்லிய உளியை நுழைத்து விரிசலின் வாயைத் திறந்தேன். உளி நுனியில் ஈரம். ஈரத்தில் மஞ்சள் நிறம்.

"கட்டை நனைஞ்சிருக்குங்களே?"

"மழைல நனைஞ்சிருக்கும்."

"மழை பேஞ்சு மாசமாச்சே."

கதவோரம் நின்ற அழகி வாயைத் திறந்தாள். "நான்தான் நேத்துக் கழுவுனேன். நாளன்னைக்கு ஆயுத பூசை. தீட்டோட எப்படிச் சாமி முன்னால வைக்கிறது? மஞ்சத்தண்ணி ஊத்துனேன்."

"என்ன தீட்டுங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். கழுவிய விஷயம் அவருக்கே புதிது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"பன்னி. காட்டுப் பன்னிய அடிச்சேன்" என்றார்.

"வண்டியிலேர்ந்து விழுந்துச்சுன்னீங்க."

"ரெண்டுந்தான். நீ என்ன, கோர்ட்டா நடத்துற?"

பன்றி ரத்தத்துக்குத் தீட்டுப் பார்க்கிற வீடு அல்ல அது. பன்றிக் கறி தின்று வளர்ந்த வீடு. விரிசல் மூடிவிட்டால் அதிகாரி கண்ணில் ஒன்றும் படாது. மச்சான் செத்தால் பழி புளியமரத்துக்கு.

"இப்ப ஒட்டாதுங்க. ரெண்டு நா வெயில்ல காயணும். ஈரக்கட்டையில வஜ்ஜிரப் பசை பிடிக்காது."

"ஆபீசர் வர்ற வரைக்கும் இழுத்தடிக்கலாம்னு பாக்குறியா?"

"உள்ளதச் சொன்னேன்."

"ஒன் உள்ளதத் தூக்கிக் குப்பையில போடு. ஒட்டு."

ஒட்டினேன். வஜ்ஜிரத்தைக் கங்கில் உருக்கி, கோழி இறகால் உள்ளே செலுத்தி, கயிறு சுற்றி, குச்சி கொடுத்து முறுக்கினேன். வழிந்ததைத் துடைத்தேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. கயிற்றை அவிழ்த்ததும் அது தானே வாய் பிளக்கும்.

வெள்ளைச்சாமி விரலால் தடவிப் பார்த்தார். "கோடே தெரியல. ஒட்டாதுன்னியே, பயலே?"

"அவுக்கிறப்பப் பாருங்க."

சிரித்தார். பிறகு கேட்டார், "ஒம் மச்சான் எப்படி இருக்கான்?"

"கண்ணத் தொறந்துட்டானாம். பேசவும் ஆரம்பிச்சுட்டான்னு நேத்துச் சேதி வந்துச்சு."

அப்படி ஒரு சேதியும் வரவில்லை. அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் சொன்னேன். சிரிப்பு நின்றது. கயிற்றில் இருந்த விரல் அப்படியே இருந்தது.

"என்ன பேசுனானாம்?"

"அது தெரியலங்க. போய்த்தான் கேக்கணும்."

உளியைப் பையில் போட்டு எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் வாசற்படிக்குப் போய்விட்டார்.

"எங்க போற? ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இங்கயே கெட. அழகி சோறு கொண்டாருவா."

"வீட்டுல தேடுவாங்கய்யா."

"தேடட்டும்."

அழகி என்னைப் பார்க்காமல் முதலில் வெளியேறினாள். துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் போனார். கதவைச் சாத்தினார். வெளியே நாதாங்கி ஏறிப் பூட்டு விழுந்தது.