இடது பக்கத் தையல்

விசாலாக்ஷியின் அளவு ரவிக்கைக்குப் பதினொரு வயது. கத்திரிப்பூ நிறம் வெளுத்து அக்குளில் நூல் தெரிய ஆரம்பித்த பிறகும் அவள் அதை விடவில்லை. புதுத்துணி எடுக்கும்போதெல்லாம் அதையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்த தையல்கடைக்குப் போவாள். தையல்காரர் தங்கவேல் துணிதான் வெட்டுவார்; பெண்களுக்கு அளவெடுப்பது, கொக்கி தைப்பது, ஓரம் மடித்து எம்மிங் செய்வது எல்லாம் ஆரோக்கியமேரியின் வேலை. அந்த மேரிகூட இவள் மேல் ஒருநாளும் டேப் வைத்ததில்லை. வைக்க விட்டால்தானே?

"இதே அளவுதான் மேரி. ஒரு இஞ்சு தாராளமா விடு. நான்தான் நாளுக்கு நாள் ஊதிண்டே போறேனே" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே முதலில் சிரித்துவிடுவாள். ஊர் சிரிக்கும்போது தனியாக நிற்பதைவிட, கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது மேல் என்று அவள் கண்டுபிடித்து வெகுநாளாயிற்று.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஸ்ரீரங்கன் தி. நகரில் ஒரு வங்கியில் அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் வந்தாலும் மனைவியின் உடம்பைத்தான் முதல் பலகாரமாக எடுத்து வைப்பார். "நாங்க ரெண்டு பேர்தான், ஆனா ரேஷன் கார்டுல மூணுன்னு போட்டுக்கலாம்" என்பார். அவள் குறட்டை தாங்கவில்லை என்று நாலு வருஷத்துக்கு முன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஒரே மகன் அனிருத் பெங்களூரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "வாக்கிங் போறியாம்மா?" என்று கேட்பான். அவள் பதிலை யோசிப்பதற்குள் அப்பாவைக் கூப்பிடச் சொல்லிவிடுவான்.

பகலில் அவளுக்குத் தூக்கம் சுழற்றிக்கொண்டு வரும். காய் நறுக்கும்போதே கண் சொருகும். சோம்பேறி என்று வீட்டில் பட்டம் கட்டியாயிற்று. களைப்பாக இருக்கிறது என்று தெருக்கோடி டாக்டரிடம் இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அவர் எடை பார்க்கும் மெஷினைக் காட்டி, "இதைக் குறைங்கோ, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு உடம்பில் எது வந்தாலும் அவளிடம் அதற்கு ஒரே பெயர்தான்: சதை. முட்டி வலித்தால் சதை, மூச்சு வாங்கினால் சதை. பீரோக் கண்ணாடியின் கீழ்ப்பாதியைக் காலண்டர் தாள் ஒட்டி மறைத்திருந்தாள். பொட்டு வைக்க முகம் தெரிந்தால் போதாதா?

தொண்ணூற்றாறாம் வருஷத்துத் தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கடையில் நிற்க இடமில்லை. விசாலாக்ஷி பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து நீட்டினாள்.

"இடது பக்கம் இழுத்துப் பிடிக்கறது மேரி. பிரிச்சு விடு."

மேரி அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைவேலையை வைத்துவிட்டு, விசாலாக்ஷியைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்கோ. பங்குனில ஒண்ணு, ஆடில ஒண்ணு, இப்ப இது. மூணையும் லெஃப்டு சைடு மட்டும்தான் பிரிக்கச் சொல்றீங்கோ. ரைட்டு சைடு தெச்ச மாதிரியே கீது. குண்டாயிக்கினு போனா ரெண்டு பக்கமும்தானே புடிக்கும்? சதை ஒரு பக்கமாவா போடும்?"

விசாலாக்ஷி வழக்கம்போலச் சிரித்தாள். மேரி சிரிக்கவில்லை.

"தங்கவேல் மாஸ்டரு ஆடியிலயே எங்கிட்ட சொன்னாரு. ஆம்பள, எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சிக்கினு இருந்தாரு. எனக்கும் வாய் வரல. தப்புதான் மாமி. டாக்டராண்ட காட்டுங்கோ."

அன்று குளிக்கும்போது விசாலாக்ஷி பல வருஷங்களுக்குப் பிறகு தன் உடம்பைத் தானே தொட்டுப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவில், கெட்டியாக, நகராமல் அது இருந்தது. வலியே இல்லை.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது, "ஏன்னா, இடது மார்ல கட்டி மாதிரி ஏதோ இருக்கு" என்றாள்.

ஸ்ரீரங்கன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "கட்டியாவது ஒண்ணாவது! கோவிலைச் சுத்தி தெனம் நாலு தரம் நட, தானே கரைஞ்சுடும்" என்று சிரித்தார்.

அவருடன் சேர்ந்து சிரிக்க முதல்முறையாக அவளால் முடியவில்லை. மறுநாள் அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும், யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே ஸஹானா என்ற இளம் டாக்டர் கட்டியைப் பரிசோதித்து, மார்பக எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தாள். முறை வரும்வரை தன் ஆராய்ச்சிக்கு உதவ முடியுமா என்று கேட்டாள். எடையையும் தூக்கத்தையும் பற்றி, பெண்கள் தங்கள் உடம்பை எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஓர் அட்டையில் ஒல்லியிலிருந்து பருமன்வரை ஒன்பது பெண் உருவங்கள் வரைந்திருந்தன.

"இதுல நீங்க எது மாமி?"

யோசிக்காமல் ஒன்பதாவதைத் தொட்டாள் விசாலாக்ஷி. ஸஹானா அவளை அளந்து, எடை பார்த்து, ஆறாவது படத்தில் விரலை வைத்தாள்.

"இதுதான் நீங்க."

விசாலாக்ஷி நம்பாமல் பார்த்தாள். மூன்று படங்களின் கனத்தை இத்தனை வருஷமாகச் சும்மா சுமந்திருக்கிறாள், பாவம்.

குறட்டையையும் பகல் தூக்கத்தையும் பற்றிக் கேட்டபோது, "அது என் சோம்பேறித்தனம்" என்றாள்.

"இல்ல மாமி. தூங்கறப்போ உங்களுக்கு மூச்சு அடைச்சு அடைச்சு நிக்கறதுன்னு நினைக்கிறேன். அப்படி இருந்தா எவ்வளவு தூங்கினாலும் பத்தாது. தூக்கம் கெட்டா எடை ஏறும், எடை ஏறினா தூக்கம் கெடும். அதுக்கும் வைத்தியம் இருக்கு. சோம்பேறின்னு யார் சொன்னா?"

யார் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரே அறைக்கு அவளைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அந்த மெஷினில் தான் அடங்குவோமா, உள்ளே இருப்பவள் சிரிப்பாளோ என்ற பயம், கட்டியைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே இருந்த பெண் சிரிக்கவில்லை. தோளைப் பிடித்து நிறுத்தி, "கொஞ்சம் அழுத்தும், பொறுத்துக்குங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து விசாலாக்ஷி அழுதாள். வலியினால் இல்லை, பக்கத்தில் ஒருவரும் இல்லையே என்றுதான்.

ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. கணவரை அழைத்து வரச் சொன்னார்கள். ஸஹானா எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது.

"எப்பலேர்ந்து இருக்கு சார்?"

ஸ்ரீரங்கன் மனைவியைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றாள் விசாலாக்ஷி. "தையல்கடையில கேட்டா தெரியும். பங்குனியில முதல் ரவிக்கையைப் பிரிச்சா."

"சொல்லியிருக்கப்படாதோ விசாலம்?" என்றார் அவர், குரல் உடைந்து.

"சொன்னேனே. நாலு தரம் நடக்கச் சொன்னேள்."

அவர் தலை குனிந்துகொண்டார். டாக்டர் இருவரையும் பார்த்து, "பங்குனியிலேயே வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும். இப்பவும் நேரம் தாண்டலை" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து, வாந்தி, முடி உதிர்வு எல்லாம் வந்தன. ஸ்ரீரங்கனின் படுக்கை கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பியது. தூக்கத்தில் அவள் மூச்சு நின்றால் தட்டி எழுப்பும்படி டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாள். பல வருஷத் தனிமை அதனால் ஒரே வாரத்தில் போய்விடவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

சித்திரை மாதம் ஒருநாள், தலையில் முக்காடுடன் அவள் தையல்கடைப் படியேறினாள். ஸ்ரீரங்கன் வாசலில் பையுடன் நின்றார். உள்ளே நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மேரி வழக்கம்போல அளவு ரவிக்கைக்குக் கை நீட்டினாள்.

"அது இல்லை மேரி. டேப்பை எடு. புதுசா அள."

மேரியின் கண் கலங்கியது. திரையை இழுக்கப் போனாள். விசாலாக்ஷி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, காத்திருந்த பெண்களைப் பார்த்தாள்.

"எனக்கு மார்ல புத்துநோய் வந்து எடுத்துட்டா. கட்டி வளர்ந்துண்டு இருந்தது, நான் சதைன்னு நெனச்சு சிரிச்சுண்டு இருந்தேன். எல்லாரும் என் உடம்பைப் பாத்துக் கேலி பண்ணிப் பண்ணி, அதைத் தொட்டுப் பாக்கவே எனக்கு வெக்கமாயிடுத்து. நீங்க யாரும் அப்படி இருக்காதீங்கோ. குளிக்கறச்சே தடவிப் பாருங்கோ. வித்தியாசமா எது தெரிஞ்சாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்கோ. அங்க கூச்சம் பத்து நிமிஷம்தான். ஆத்துல யாராவது குண்டா இருந்தா, கேலி பண்றதை விட்டுட்டு, உடம்புக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்கோ."

வாசலில் நின்றவருக்கும் அது கேட்டது. கடையில் யாரும் சிரிக்கவில்லை. விசாலாக்ஷியும் சிரிக்காமல் திரைக்குப் பின்னால் போய், மேரி அளவெடுக்க இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.