பொன்னாடைக்குள் ஒரு நேர்முகம்

மேடைக்கு மேலே என் முகம் தொங்கியது. பதாகையில் இருந்த நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே கதிரையில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஐரோப்பா செல்லும் எமது மண்ணின் இளம் விஞ்ஞானி செல்வி உதயரூபன் விதுர்ஷா அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா’ என்று எழுதியிருந்தார்கள். அதன் வலது மூலையில், என் முகத்தைவிடப் பெரிதாக, மன்றத் தலைவர் தங்கராசா மாமாவின் முகம். அவர் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. சொல்லப்போனால் நானும் போகவில்லை. என்னை இன்னும் யாரும் தெரிவு செய்யவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம், பட்டப்படிப்பு முடிக்காத வெளிநாட்டு மாணவர்களைக் கோடை விடுமுறையில் கூப்பிட்டு, தங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு மாதம் ஆய்வு செய்ய விடுகிறது. பயணமும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நான் மூன்றாம் வருடம் விலங்கியல் படிக்கிறேன். எங்கள் வாவிச் சேற்றுக்குள் இருக்கும் புழுக்கள்தான் என் ஆய்வு. அவர்களுடைய ஊரிலும் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் சேறு இருக்கிறதாம். விண்ணப்பித்தேன். முதல் சுற்றில் எடுபட்டேன். இனி இணையத்தில் நேர்முகம் வைத்து, இருபது பேரில் இரண்டு பேரைத் தெரிவு செய்வார்கள்.

இதை அப்பாவிடம் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவருக்கு நன்றாக விளங்கவும் செய்தது. விளங்கிய மனிசன் வட்டைக்குப் போகிற வழியில், வயலைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கடையில் குந்தி வாயைத் திறந்திருக்கிறார். பின்னேரமே தங்கராசா மாமாவின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், வெண்தாமரைக் கலை கலாசார மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர். ஊரில் யாருக்காவது நல்லது நடந்து, அதற்குள் தன் படத்தைச் செருக முடியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“புள்ள, உனக்கு விழா எடுக்கிறம்” என்றார்.

“மாமா, எனக்கு இன்னும் கிடைக்கல்ல. இன்டவியூக்குத்தான் கூப்பிட்டிரிக்காங்க.”

“கிடைச்சாப் பொறகு ஆரும் விழா எடுப்பாங்க. அங்கால ஊர் மன்றத்தாக்கள் உன்னக் கொண்டுபோய் மேடையில ஏத்த முதல் நாம செய்யோணும்.”

“கிடைக்காட்டி?”

“சீ, வாயக் கழுவு! நல்ல காரியம் கதைக்கக்குள்ள இதென்ன கதை?”

எந்த நாளில் விழா வைத்தார்கள் தெரியுமா? நேர்முகம் நடக்கிற அதே நாளில். பிரதம அதிதிக்கு அன்றைக்குத்தான் வசதியாம். நேர்முகம் எங்கள் நேரப்படி பின்னேரம் ஐந்து மணிக்கு. விழா இரண்டு மணிக்கு. “ரெண்டு மணிக்குத் துவங்கினா மூண்டரைக்கு முடிஞ்சிரும். மறுகா நீ போய் வெள்ளைக்காரனோட ஆறுதலாக் கதை” என்றார் மாமா. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

“போயிட்டு வந்திரு மகள். மாமாட முகத்த முறிக்க ஏலா” என்றார்.

என் முகத்தை முறிக்கலாமாக்கும்.

அன்றைக்கு என் கூட்டாளி நிஸ்றா ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறி, தன் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக் கணினி நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் படுத்துவிடும். “நான் எல்லாத்தையும் ஆயத்தமா வச்சிக்கிட்டு இரிக்கன். நீ மேடையில சிரிச்சிட்டு ஓடி வா புள்ள” என்று சொல்லி என் அறைக்குள் இருந்துகொண்டாள். நான் அம்மாவின் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

இரண்டு மணிக்கு மேடையில் நானும், மைக்செட் பொடியனும், ஒரு நாயும் இருந்தோம். மூன்று மணிக்கு நாயைத் துரத்தினார்கள். நாலு மணிக்கும் பிரதம அதிதியைக் காணவில்லை. அவர் எந்த வகையில் பெரிய மனிதர் என்று மன்றத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வாகனம் பெரியது, அவ்வளவுதான். அவர் வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் எதுவும் துவங்க முடியாது. அவர் கையால் பொன்னாடை போர்த்தாமல் நான் இறங்க முடியாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்களைப் பிடித்து வாவிச் சேற்றில் இடுப்பளவுக்கு நட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா முன் வரிசையில் புதுச் சட்டையோடு இருந்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டிருந்தார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, என்ன செய்வது?

நாலரை தாண்டித்தான் அந்த வாகனம் வந்தது. மேளம், மாலை, கொடி, விளக்கு, வரவேற்பு நடனம். பிறகு அதிதி மைக்கைப் பிடித்தார். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். மட்டக்களப்பு என்றால் பாடும் மீன்தானே? நான் பாடும் மீனை ஆராய ஐரோப்பா போவதாக அவரே முடிவுகட்டி, மீன் எப்படிப் பாடும், ஏன் பாடும், தான் சின்ன வயதில் கல்லடிப் பாலத்தில் நின்று கேட்டது என்று நீட்டினார். சனம் கைதட்டியது. புழு என்று சொல்லியிருந்தால் தட்டியிருக்காது.

நான் பக்கத்தில் இருந்த மாமாவின் பக்கம் சாய்ந்தேன். “மாமா, எனக்கு நேரமாகுது. நான் போறன்.”

“விசரா உனக்கு? பொன்னாடை போத்தல்ல, நன்றியுரை முடியல்ல. விழா நாயகி எழும்பிப் போனா ஊர் என்ன சொல்லும்?”

“வெள்ளைக்காரங்க காத்துக்கிட்டு இரிப்பாங்க மாமா.”

“ஒரு அரை மணித்தியாலம் இரிக்க மாட்டானா? நாங்க இவருக்காக எவ்வளவு நேரம் இரிந்தம்!”

அடடா, என்ன கணக்கு! அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. நேரம் என்பது பெரிய மனிசன் வரும்போது துவங்கும் ஒரு சாமான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதிதி ஒருவழியாக மீனை விட்டுவிட்டுப் பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். படம் எடுப்பதற்காக அதை எடுத்து இன்னொரு தரம் போட்டார். கமரா அணைந்ததும் நான் எழும்பிவிட்டேன். மாமா பின்னால் “புள்ள! புள்ள!” என்று மைக்கிலேயே கத்தினார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையும் பொன்னாடையுமாகக் கிரவல் வீதியில் ஓடினேன்.

“எங்க புள்ள போய்த் துலைஞ்ச நீ! அவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டாங்க” என்று நிஸ்றா என்னைப் பிடித்துக் கதிரையில் தள்ளினாள். திரையில் ஒரு பேராசிரியையும் ஒரு இளம் ஆய்வாளரும் இருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மழைக்காலத்தில் வாவி நீரின் உப்புக் குறையும்போது என் புழுக்களுக்கு என்ன நடக்கிறது என்று பேராசிரியை கேட்டார். எத்தனை மாதம் முழங்காலளவு சேற்றில் நின்று நான் தேடிய பதில் அது! நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து, விழாவுக்கென்று எங்கள் வாசல் படலையடி மாமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அலறியது. ‘எங்கள் மண்ணின் விடிவெள்ளி! விதுர்ஷா! விதுர்ஷா!’ நிஸ்றா யன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், யன்னலுக்குப் போர்வையைக் கட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. நான் கத்திக் கத்திப் பதில் சொன்னேன். அவர்கள் காதைக் கணினிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். மேளம் துவங்கியது.

“அங்கே ஏதாவது திருவிழாவா?” என்று பேராசிரியை அன்பாகத்தான் கேட்டார். “உங்கள் கழுத்தில் மாலை இருக்கிறது. உங்கள் பெயரும் கேட்கிறது. என்ன கொண்டாடுகிறார்கள்?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் பொய்கூட வரவில்லை.

“நீங்கள் என்னைத் தெரிவு செய்ததை” என்றேன்.

இளம் ஆய்வாளர் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. நேரம் முடிந்தது, அடுத்த மாணவர் காத்திருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். திரை அணைந்தது. வெளியே நன்றியுரை துவங்கியது.

இரண்டு கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. என் வேலை நல்ல வேலையாம். ஆனால் கேட்க நினைத்ததைக் கேட்க நேரம் கிடைக்கவில்லையாம். அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாமாம். நான் கிணற்றடியில் இருந்து வாய்விட்டு அழுதேன். அம்மா தண்ணீர் அள்ளுவதுபோலப் பக்கத்தில் நின்று தானும் அழுதாள். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. தங்கராசா மாமாவுக்குக் கவலை எல்லாம் இல்லை. “வெள்ளைக்காரன் விசா குடுக்கல்ல, நம்மடாக்கள்ல அவனுக்கு எரிச்சல்” என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள் மாமா திரும்பவும் வந்தார். மன்றத்தில் ஒரு பொடியனுக்கு விழாவாம். கராத்தேப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

“புள்ள, அந்தப் பொன்னாடை சும்மாதானே கிடக்குது? தா பாப்பம்.”

கொண்டுவந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுழித்தார். “இதென்ன நாத்தம்?”

“வாவிச் சேறு மாமா. சேத்துப் போத்தல் உடையாம இரிக்க அதுக்குள்ளதான் சுத்தி வச்சன்.”

“பரவால்ல, சென்ட் அடிக்கலாம்” என்று சொல்லி, மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனிசனுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது.

அவர் போனதும் அப்பா படலையைச் சாத்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

“அந்த நெதர்லாந்துக்கு இந்த முறை போடல்லயா மகள்?”

போட்டிருந்தேன். முதல் சுற்றில் எடுபட்டும் விட்டேன். நேர்முகம் வெள்ளிக்கிழமை, ஓட்டமாவடியில் நிஸ்றாவின் வீட்டில் இருந்து. நிஸ்றாவின் உம்மாவுக்குக்கூட நாங்கள் பரீட்சைக்குப் படிப்பதாகத்தான் தெரியும்.

“இல்லப்பா” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “என்னாலதானே மகள்?” என்றார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் சந்தோசப்படுவார். அவ்வளவு சந்தோசத்தை வைத்துக்கொண்டு என் அப்பாவால் அந்தத் தேத்தண்ணிக் கடையைத் தாண்டிப் போக முடியாது.

“பசிக்குதுப்பா, வாங்க சாப்பிடுவம்” என்று சொல்லி உள்ளே போனேன்.