எண்ணெய்க்குள் மணல்

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடிப்போல்ட்டை நான் கழற்றும்போது அண்ணன் ஷெட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே வர மாட்டான். அப்பா செத்த பிறகு நான் பூட்டை உடைத்துத் தார்ப்பாயை விலக்கிய நாளிலிருந்தே அப்படித்தான். துடைக்கத் துணி கேட்டால் வாசலிலிருந்தே எறிவான். "எஞ்சின எழுப்பிடாதடி, அப்பாவும் கூடவே எழுந்து வந்திடப் போறாரு" என்பான். சொல்லிவிட்டு அவன் சிரிக்க மாட்டான்.

அண்ணன் பள்ளியில் படிக்கும்போது அப்பா முதல்முறையாக இந்த வண்டிக்கு எண்ணெய் மாற்ற அவனை விட்டார். மறுநாள் நடுத்தெருவில் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகி நின்றது. அப்பா எதையும் திறந்து பார்க்கவில்லை. இவன் அடிப்போல்ட்டைச் சரியாக முடுக்காததால் எண்ணெய் முழுக்க வழியில் ஒழுகிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, அத்தனை பேர் முன்னால் அறைந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து அண்ணனுக்குப் பெயர் கைராசிக்காரன். அவன் பல்பு மாட்ட ஏறினால், "கைராசிக்காரரு ஏறிட்டாரு, மெழுகுவத்திய எடுத்து வெச்சுக்குங்க" என்பார். வந்த சொந்தக்காரர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன். அண்ணன் ஓர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்துகிறான். வீட்டுக் குழாய் சொட்டினால்கூட ஆளைக் கூப்பிடுகிறான்.

நெடுநாள் நின்ற எஞ்சினை உதைத்து எழுப்பக் கூடாது. உள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், தன்னைச் சுற்றியிருக்கும் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பலத்தைக் காட்டினால் உடையும். மேலே ஸ்பார்க் பிளக் இருக்கும் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அது மெல்ல இறங்கித் துருவை இளக்கும். நானும் ஊற்றிக் காத்திருந்தேன். அசையவில்லை. பிறகு தட்டித் தட்டி சிலிண்டரை உருவினேன். உட்சுவர் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல்கள். துரு இப்படிக் கீறாது.

அதனால்தான் அடிப்போல்ட்டைக் கழற்றினேன். முதலில் கண்ணில் பட்டது அதோடு வந்த செம்பு வாஷர். செம்பு மெத்தென்ற உலோகம். போல்ட்டை முடுக்க முடுக்க நசுங்கி, எதிரே இருக்கும் இரும்பின் வடிவத்தை வாங்கிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிடும். இது தட்டையாக நசுங்கி, இரண்டு பக்கமும் ஒரே சீரான வட்டத் தடம் பதிந்து கிடந்தது. ஒரு பையன் தன் முழு பலத்தையும் கொடுத்து முடுக்கியிருந்தான். பின்னாலேயே எண்ணெய் கறுப்பாக இறங்கி, கீழே வைத்திருந்த தட்டு நிறைந்தது.

ஒழுகவே இல்லை. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கும்.

எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தேன். நறநறவென்றது. மணல். எண்ணெய் கீழிருந்து மேலே போகும் வழி பென்சில் முனை அளவுதான். அதை மணல் அடைத்துவிட்டால் கீழே எண்ணெய் நிரம்பி நிற்கும், மேலே காய்ந்து தேயும். ஆனால் எண்ணெய் ஊற்றும் வாய்க்குத் திருகு மூடி உண்டு. மணல் தானாக மூடியைத் திருகித் திறக்காது.

துவைத்த துணி வாளியோடு அந்தப் பக்கம் வந்த அம்மா, பழைய இரும்புக்குப் போடச் சொல்லி எத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று தினமும் பாடும் பாட்டைத் தொடங்கினாள். நான் விரல்களை நீட்டினேன். அது என்னவென்று அவள் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"யாரும்மா போட்டது?"

"நான்தான்."

வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள். அப்பா தினமும் குடித்துவிட்டுத்தான் ஓட்டுவார். அழுது பார்த்தாளாம், சாவியை ஒளித்துப் பார்த்தாளாம். அதற்கு அவருடைய பதில் அவள் முதுகில் விழுந்ததாம். "கால் நிக்காத மனுஷன், உன்னத் தூக்கி டேங்க் மேல உக்கார வெச்சுக்கிட்டுப் பறப்பாருடி. விழுந்திருந்தா இன்னிக்கு விரல நீட்டிக் கேள்வி கேக்க நீ இருந்திருக்க மாட்ட." முதல் நாள் அண்ணன் எண்ணெய் மாற்றியது தனக்குத் தெரியாது என்றாள்.

"அப்பா அவன அடிக்கும்போது தெரிஞ்சுதுல்ல?"

"ரெண்டு அடியோட போயிடும்னு நெனச்சேன்."

என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்காக அவள் காலில் விழ வேண்டும்போலவும் காலடியில் இருந்த எண்ணெய்த் தட்டை எடுத்து அவள் முகத்தில் வீச வேண்டும்போலவும் ஒரே நேரத்தில் இருந்தது.

"அப்புறம்?" அண்ணன் வாசலில் நின்றான். சத்தம் போடவில்லை. "அடி நின்னுச்சு. அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அவரு இருந்த வரைக்கும் அவர நெனச்சு பயம்டா. போனதுக்கு அப்புறம் உன்ன நெனச்சு."

"அந்தாளு கேலி பேசுனப்பல்லாம் நீயும் சேர்ந்து சிரிச்சியேம்மா."

அண்ணன் உள்ளே வந்தான். பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். எந்த அளவு என்று தேடவில்லை. முன்சக்கரத்தில் தொடங்கினான். பிறகு மட்கார்டு, விளக்கு, ஹேண்டில். எதையும் உடைக்கவில்லை, ஒரு போல்ட்டின் திருகு மரைகூடத் தேயவில்லை. கழற்றியதையெல்லாம் வரிசையாகத் தரையில் வைத்துக்கொண்டே போனான். மறுபடி மாட்டுவதற்கா, எடைக்குப் போடுவதற்கா என்று நான் கேட்கவில்லை.

ஒரு நட்டு கைநழுவி உருண்டு அம்மாவின் காலடியில் போய் நின்றது. அவள் வாளியை இறக்கிவிட்டுக் குனிந்து அதை எடுத்தாள். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, கிரீஸ் படிந்த உள்ளங்கையைப் பின்பக்கமாக நீட்டினான். அம்மா நட்டை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.