வாய்க்கட்டு

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏலத்தோட்டத்தில், பூச்சிமருந்தடிக்கப் போனவர்கள் சாயங்காலமானால் டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுப்பது வழக்கமாகிப் போயிருந்தது. கம்பவுண்டர் தவசி ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து அனுப்புவார். மறுநாளும் அவர்களே வருவார்கள். எண்பத்து நான்காம் வருஷம் மழை விட்டதும், இது வந்த பிறகு பார்க்கிற காரியமில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போடியிலிருந்து கெட்டித் துணி வாங்கி வந்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு கட்டுத் தைக்கச் சொல்லி மனைவி சந்திரவல்லியிடம் கொடுத்தார்.

முதலில் தைத்ததை யாரும் அரைநாள்கூட வைத்திருக்கவில்லை. பனியில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. தவசி கோபப்படவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. எதிரே இருப்பவர் தானாக வாயைத் திறக்கும்வரை சும்மா இருப்பார். கயிறு காதை அறுக்கிறது என்றார்கள். தாடியில் சிக்குகிறது என்றார்கள்.

"வெத்தலையத் துப்ப வழி வைக்கலையேண்ணே" என்றான் வீரையா.

"மாட்டுக்கு வாய்க்கூடை கட்டுன மாதிரி கட்டிவிட்டுட்டு, துப்ப வேற வழி கேக்குறியா?" என்றான் சின்னச்சாமி. "ஏண்ணே, ஏலக்காயத் தின்னுருவோம்னு முதலாளி பயப்படுறாரா?"

தவசி சிரித்துவிட்டார். சந்திரவல்லி பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கயிற்றைப் பிடரியில் முடிச்சிடுகிற மாதிரி மாற்றினாள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்தாள். அடியில் தூக்கிவிட ஒரு மடிப்பும் வைத்தாள். கடைசியாக வந்ததைக் கட்டிப் பார்த்துவிட்டு வீரையா அவிழ்க்காமலே வீட்டுக்குப் போனான்.

அந்த வாரம் வாசலில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. மலையும் அமைதியாக இருந்தது. தவசி ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அமைதியை அனுபவித்தார். முன்பெல்லாம் காலையிலிருந்து காட்டுக்குள் "ஓய்", "ஓய்" என்று கத்தல் கேட்டுக்கொண்டே இருக்கும். வேலை அலுப்புக்குக் கத்துகிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

சனிக்கிழமை பொழுது சாய, முதுகில் சுமக்கும் மருந்து டப்பாக்களை இறக்கிவைக்கும் கொட்டகையில் வீரையாவின் டப்பா மட்டும் வந்து சேரவில்லை. தேடிப் போனவர்கள் ஓடைப்பக்கம் செடிகளுக்கு நடுவே அவனைக் கண்டெடுத்தார்கள். டப்பாவின் அடியில் ஒழுகி முதுகெல்லாம் மருந்து ஊறியிருந்தது. தோல் வழியாக இறங்கியிருக்கிறது. உடம்பு விறைத்துப்போயிருந்தது. விழுந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். முகத்தில் கட்டு அப்படியே இருந்தது, முடிச்சுகூட நெகிழவில்லை.

தவசியின் பெட்டியில் அதற்கான ஊசிமருந்து இருந்தது. உடைக்காத குப்பிகள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா இந்தப் பய" என்றார் கங்காணி காசிமாயன்.

"எங்கிட்டுக் குடுக்க?" என்றான் சின்னச்சாமி. அவன் தவசியைப் பார்க்கவில்லை. "செடி ஆள் உசரத்துக்கு மேல நிக்கிது. பக்கத்து வரிசையில இருக்கவன் தெரிய மாட்டான். ஒருத்தன் ஓய்னா அடுத்தவன் ஓய்ங்கணும். பதில் வரலைன்னா டப்பாவ எறக்கிட்டுத் தேடுவோம். எங்க அப்பன் காலத்துல, யானைக்குப் பயந்து ஆரம்பிச்சது. இதக் கட்டிட்டுக் கத்துனா எனக்கே கேக்கல. கழட்டுனா நீங்க ஏசுவீங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார் தவசி.

"நீங்க கேக்கலையேண்ணே."

தவசி கேட்கத்தான் செய்திருந்தார். மூக்கைக் கேட்டிருந்தார், காதைக் கேட்டிருந்தார், தாடியைக்கூடக் கேட்டிருந்தார். எல்லாம் லயத்தில் உட்கார்ந்து கேட்டது. மருந்து அடிக்கும்போது காட்டுக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை.

பிணத்தை ஜீப்பில் ஏற்றும்போது வீரையாவின் மனைவி ராமுத்தாய், அந்தக் கட்டை மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். "தோட்டத்துச் சாமான்தான. வச்சுக்கங்க." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தவசி எதையாவது சொல்லியிருக்கலாம்.

வரிசைக்கு இரண்டு பேராக அனுப்பலாமா என்று தோட்ட ஆபீசில் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். வாய்க்கட்டை எடுத்துவிட்டால் பழையபடி வாந்தி, பழையபடி ஊசி. தவசி ராசிங்காபுரத்துச் சந்தைக்குப் போய் மாட்டுமணிகள் வாங்கி வந்தார். டப்பாக்களின் பம்பு அடிக்கும் கைப்பிடியில் ஒவ்வொன்றாகக் கட்டினார். கை ஓடுகிறவரை மணி அடிக்கும். நின்றால் ஆள் நின்றுவிட்டான் என்று அர்த்தம்.

"வாய்க்கூடை ஆச்சு, இப்ப மணியுமா?" என்றான் சின்னச்சாமி. "அடுத்து லாடம் அடிப்பீங்களாண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. சின்னச்சாமி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு டப்பாவைத் தூக்கி முதல் ஆளாக உள்ளே இறங்கினான். மற்றவர்களும் போனார்கள். தவசி தானும் ஒரு கட்டைக் கட்டிக்கொண்டு, ஊசிப் பெட்டியோடு மேட்டுப் பாதையில் நின்றார். கீழே மணிகள் தனித்தனியாகக் கேட்டன. எது யாருடையது என்று பிரித்துக் கேட்கவே காலைப்பொழுது முழுக்கச் சரியாகப் போயிற்று.

ஓடைப்பக்கத்து மணி நின்றது.

தவசி கொஞ்சம் பொறுத்தார். பீடி பற்றவைக்கிறானோ. பிறகு ஓடினார். ஈர மண்ணில் கால் சறுக்கியது, தோகைகள் முகத்தில் அறைந்தன. ஒருமுறை திசை தவறி வேறு வரிசைக்குள் போய்த் திரும்பினார்.

சின்னச்சாமி நின்றுகொண்டிருந்தான். முகத்துக் கட்டைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இறங்கிவரும் கம்பவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல" என்றான். "நிப்பாட்டுனா எவ்வளவு நேரத்துல வர்றீகன்னு பாத்தேன்."

தவசிக்கு மூச்சு வாங்கியது. பெட்டியைக் கீழே வைத்தார்.

"லேட்டுண்ணே. இந்நேரம் போயிருப்பேன்."

மற்ற மணிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. மற்ற ஆட்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மேட்டுல நிக்காதீக. அங்கேருந்து ஆகாது. நடுவுல, அந்தப் பாறை மேல நில்லுங்க" என்று சின்னச்சாமி கையைக் காட்டினான். "மறுபடி நிப்பாட்டுறேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

தவசி பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து நடந்தார்.